கப்பல் வெளுப்பு

கல்யாணமாகி இராயபுரத்துச் சந்துக்கு வந்த மூன்றாம் நாளே மாமியார் என் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு வெள்ளைக் கால்சட்டை. இரண்டு பேர் ஒரே காலில் நுழையலாம் போல அடிப்பக்கம் அவ்வளவு அகலம். எனக்குத் தெரிந்த மாதிரி முன்பக்கம் நெடுகக் கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்து, பெருமையாக நீட்டினேன். என் அப்பா வீட்டிலும் வெளுப்புத் தொழில்தான். வண்ணாரப்பேட்டையில் வக்கீல் வீட்டுத் துணிகளெல்லாம் எங்களிடம்தான் வரும். எனக்குத் தெரியாத மடிப்பா என்று நினைத்தேன்.

மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனிடம் காட்டினார். அவர் சிரித்தார்.

"இன்னாம்மே இது, கலெக்டரு கால்சட்டையா? குறுக்கால மடிக்கணும். உள்பக்கத்த வெளிய திருப்பிக்கினு, விசிறி மாதிரி மடிச்சிக்கினே வரணும்."

"குறுக்கேயா? யாராவது குறுக்கே மடிப்பாங்களா?"

"கப்பல்காரன் மடிப்பான். ஏயு மடிப்பு வேணும். ஏயு கடலாம். குள்ளமா கீறவனுக்கு அஞ்சு போதும்."

"அப்போ குள்ளனுக்கு ரெண்டு கடல் கம்மியா?"

என் கணவர் மறுபடி சிரித்தார். எங்களுக்குள் நெருக்கம் வந்தது அந்தக் கால்சட்டையால்தான் என்று சொன்னால் இப்போது பேத்திகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

எங்கள் சந்தில் இதற்குக் கப்பல் வெளுப்பு என்று பெயர். துறைமுகத்தில் வந்து நிற்கும் போர்க் கப்பல்களின் மாலுமிகளுக்கு வெளுத்துக் கொடுக்கிற வேலை. ஆண்கள் இடுப்பில் பித்தளை வில்லையைக் கட்டிக்கொண்டு வாசலில் காட்டி உள்ளே போய் மூட்டை வாங்கி வருவார்கள். கப்பலைப் பார்ப்பது ஆண்கள்தான். பெண்களாகிய எங்களுக்குக் கப்பல் என்பது துணி. எண்ணெய்ப் பிசுக்கு, துருக் கறை, உப்புப் பூத்த கழுத்துப் பட்டி, யாரோ ஊசி பிடிக்கத் தெரியாமல் தைத்த கிழிசல். முகம் தெரியாத மனிதர்களை நாங்கள் சட்டையாக அறிந்திருந்தோம். ஒருவன் எப்போதும் இடது பையைக் கிழித்துக்கொண்டு வருவான். இன்னொருவன் பொத்தானைக் கடிக்கிறவன். அவனுக்குப் பொத்தான் தைத்தே என் விரல் தேய்ந்தது. இவனுக்கு வயிற்றுக்குச் சோறு போடுகிறார்களா இல்லையா என்று திட்டிக்கொண்டே தைப்பேன்.

யுத்தம் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது கஞ்சி வழியாகத்தான். வெளுத்த துணிக்குப் போடுகிற கஞ்சி ரங்கூன் நொய்யில் காய்ச்சியது. அந்த நொய் மலிவு, கொழகொழவென்று வரும், துணி காய்ந்தால் தகடாக நிற்கும். ஒரு நாள் கடைக்காரர் நொய் இல்லை என்றார். மறுநாளும் இல்லை என்றார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் பேப்பர் வாசித்துச் சொல்வது வீட்டில் என் வேலை. சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான், ரங்கூனும் போய்விட்டது என்று வாசித்தேன்.

மாமியார் உலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ரங்கூன் எங்க கீது?"

"கடலுக்கு அந்தப் பக்கம் அத்தே."

"எந்தக் கடலு?"

"இதோ, நம்ம கடல்தான்."

அவர் தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்களைப் பொறுத்தவரை அது மீன் வருகிற இடம், மீன் பாடு இல்லாத நாளில் செம்படவர்கள் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் கரை. அதே தண்ணீரை வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் ஒருவனுக்கொருவன் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பெரிய சங்கதி, எங்கள் கஞ்சிப் பானைக்குள் எட்டிப் பார்க்கிறதே என்று மலைத்துப்போனேன். அன்றைக்கு மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சினோம். துணி சரியாகவே நிற்கவில்லை.

அந்த மாதங்களில்தான் ஒரு போர்க் கப்பலை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். கரைக்குச் சற்றுத் தள்ளி வடக்கே எண்ணூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். ஒரு தெருவே கிளம்பிப் போவது போல இருந்தது. பீரங்கிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது போய் வெகு நேரம் கழித்து அதன் அலை வந்து கரையில் மோதி என் காலை நனைத்தது. என் கணவர், "அது நம்ம கப்பல்தாம்மே. நேத்து நீ தேச்ச துணியெல்லாம் அதுலதான் போவுது" என்றார். இவ்வளவு பெரிய இரும்பு, அதை ஓட்டுகிறவன் பொத்தானைக் கடிக்கிறவன், அந்தப் பொத்தானைத் தைத்தவள் நான். வெகுநேரம் அங்கேயே நின்றேன். மீன்காரி ஒருத்தி, "கப்பல கண்ணால துன்றியா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கப்பல் ரோந்து போகும், திரும்பும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மூட்டை வரும். துணி உப்பில் விறைத்திருந்தால் வெகுதூரம் போயிருக்கிறார்கள் என்று நாங்களே பேசிக்கொள்வோம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளுக்கிறவன் வாடிக்கை வீட்டு வாசலில் நின்று எப்போதும் மூன்று விஷயம் கேட்பான். எந்த ஊருக்குப் போகிறீர்கள், எப்போது வருவீர்கள், வீட்டில் இப்போது எத்தனை பேர். கேட்டால்தான் எவ்வளவு துணி வரும், எப்போது கொடுத்தால் போதும் என்று தெரியும். விருந்தாளி வந்தால் தெரியும், பிள்ளை பிறந்தால் தெரியும். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கேட்காத வண்ணானைத்தான் அக்கறை இல்லாதவன் என்பார்கள். என் கணவர் இந்த மூன்றையும் கப்பலிலும் கேட்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான். "வேர் கோ? வென் கம்? ஹௌ மெனி மேன்?" மாலுமிகள் சிரித்துக்கொண்டே தோளில் தட்டுவார்கள். பதில் சொன்னார்களா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் இவருக்குப் புரிந்திருக்காது.

பிறகு அந்தக் கோடையில் ஊர் காலியானது. ஜப்பான்காரன் கப்பல் படையோடு வருகிறான், சென்னப்பட்டணத்தில் இறங்கப்போகிறான் என்று செய்தி பரவியதும், பெரிய வீடுகளெல்லாம் பூட்டிக்கொண்டன. ரயிலில் இடமில்லை, கூரை மேலெல்லாம் ஆட்கள். மாட்டு வண்டி கிடைத்தவன் ராஜா. எங்கள் சந்திலும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கிளம்பவில்லை. வெள்ளாவியில் அந்தக் கப்பலின் துணி வெந்துகொண்டிருந்தது. உவர்மண் தோய்த்து அடுக்கி நெருப்பு வைத்துவிட்டால் பாதியில் இறக்க முடியாது, துணி பழுத்துவிடும்.

"அடுத்தவன் துணிய வுட்டுட்டு ஓடினா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்" என்றார் மாமியார்.

"ஜப்பான்காரன் வந்துட்டா?"

"வந்தா அவனுக்கும்தான் துணி அயுக்காவும்."

அந்தப் பதட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

துணி வெளுத்து, காய்ந்து, ஏழு மடிப்பும் ஐந்து மடிப்புமாக அடுக்கிக்கொண்டு என் கணவர் துறைமுகத்துக்குப் போனார். கொண்டுபோன மூட்டையோடு திரும்பி வந்தார். கப்பல் இல்லை. அது நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் இருந்தது என்றார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது. சட்டையைக்கூட வாங்கிக்கொள்ள நேரமில்லாமல் அவர்களை எது இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் போய்ப் பார்த்தார். அதற்கடுத்த நாளும். வாசலில் பழைய காவலாளிகள் மாறிவிட்டார்கள். துப்பாக்கியோடு புது சிப்பாய்கள். சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கப்பல்களைப் பற்றி யாரும் பேசக் கூடாது, கேட்கக் கூடாது என்று. அதை நான் பின்னால்தான் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அவர் அந்த அறிவிப்புக்குக் கீழேயே நின்று, சிப்பாயிடம் பணிவாக, தான் வழக்கமாகக் கேட்கிற மூன்றையும் கேட்டிருக்கிறார். கப்பல் எங்கே போயிருக்கிறது, எப்போது வரும், அதில் இப்போது எத்தனை பேர்.

கூடப் போன பங்காளி ஓடி வந்து சொன்னார். "அண்ணி, அண்ணன வேவுக்காரன்னு புட்ச்சிக்கினு போய்ட்டாங்க."

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல், சிப்பாய் மேல், எனக்கு வாசிக்கத் தெரிந்தும் அந்தச் சுவரில் இருப்பதை வாசித்துச் சொல்ல நான் அங்கே இல்லாமல் போனதன் மேல். நானும் மாமியாரும் கடற்கரைச் சாலையில் இருந்த பாதுகாப்பு ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த தமிழ் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், ஆனால் சொன்னது நல்லதாக இல்லை.

"சாதாரண கேஸ் இல்லம்மா. கப்பல் எங்கே, எப்போ, எத்தனை ஆள்னு கேட்டிருக்கான். எதிராளி கேக்கறது எல்லாத்தையும் கேட்டிருக்கான். ராணுவச் சட்டம். என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"வெளுக்கறவன் வேற இன்னா சாமி கேப்பான்?" என்றார் மாமியார்.

என்ன செய்வார்கள் என்று தெருவில் சொன்னார்கள். சுட்டுவிடுவார்கள் என்றார்கள். காலி வீடுகளுக்கு நடுவே அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் கடல் பக்கம் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு ராஜ்ஜியம், இந்தப் பக்கத்தில் ஒரு ராஜ்ஜியம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது ஒரு வெளுப்புக்காரர். கோயிலுக்குப் போய் அம்மனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவரை விடச் சொல். வேறு எதுவும் எனக்கு வேண்டாம், எது போனாலும் போகட்டும் என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

கடைசியில் வழி சொன்னவர் மாமியார்தான். "நம்ம வாயி சொன்னா நம்பமாட்டான். துணிய எட்த்துக்கினு போவலாம் வா." அந்தக் கப்பலின் மூட்டைகளை ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். ஆபீஸ் படியில் இறக்கி வைத்து உட்கார்ந்தோம். விரட்டினார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தோம். அப்புறமும் போனோம். ஒரு நாள் மத்தியானம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். நரைத்த தலை, வெயிலில் வெந்த முகம். கடற்படைக்காரர் என்று சட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார்.

அதிகாரி குனிந்து மேலே இருந்த கால்சட்டையை எடுத்தார். உதறினார். உள்பக்கம் வெளியே திரும்பிய மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து தொங்கின. ஒவ்வொரு மடிப்பின் மேலும் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில், இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"ஐ," என்றேன். எட்டாவது படித்த இங்கிலீஷில் அதற்குமேல் வாயில் வரவில்லை.

அவர் உள்ளே போனார். டெலிபோனில் பேசும் குரல் கேட்டது. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து சப்-இன்ஸ்பெக்டரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். "உங்க ஆளை விடச் சொல்லிட்டார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் மட்டும் விடவில்லை. "ரொம்ப புண்ணியம் சாமி. இந்தத் துணியெல்லாம் யார் கையில குட்க்கணும்? கப்பல்காரங்க கேட்டா நாங்க இன்னா சொல்றது?"

சப்-இன்ஸ்பெக்டர் அதை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரி எங்களைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கால்சட்டையைப் பார்த்தார். பிறகு மடிப்புப்படியே மறுபடி மடித்து, தவறாமல் மடித்து, மூட்டையின் மேல் வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

"துணியை நீங்களே வெச்சுக்கணுமாம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மாமியார் முகம் மாறியது. அந்த இருவருக்கும் தாங்கள் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாது. எங்கள் தொழிலில் துணியை நீயே வைத்துக்கொள் என்று ஒரே ஒரு வீட்டில்தான் சொல்வார்கள். சாவு வீட்டில். செத்தவர் உடுத்திய துணி வண்ணானுக்குச் சேரும், அது காலகாலமாக வருகிற வழக்கம். உயிரோடு இருக்கிற வாடிக்கைக்காரன் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டான். சொன்னால் அபசகுனம் என்று நாங்களே காதைப் பொத்திக்கொள்வோம்.

மாமியார் மூட்டைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். சப்-இன்ஸ்பெக்டர், அதிகாரிக்குத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்து, "சரி சரி, எழுந்திரும்மா" என்றார். வாசலில் நின்று கேட்டதற்காக ஒரு மனிதரைப் பூட்டி வைத்தார்கள், சுவரெல்லாம் எழுதி ஒட்டினார்கள், பேப்பரில் ஒரு வரி வரவிடாமல் காத்தார்கள். அந்த ரகசியம் எங்கள் காலடியில் மூட்டையாகக் கிடந்தது. கப்பல் இல்லை. அந்தத் தெரு போல நீண்ட இரும்பு இல்லை. பை கிழிப்பவன் இல்லை, பொத்தானைக் கடிக்கிறவன் இல்லை. அவ்வளவு பெரியதைக் கடல் இருந்த இடம் தெரியாமல் வாங்கிக்கொண்டதா என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதிகாரி மடிப்பைப் பார்த்து என் கணவரை விட்டாரா, அல்லது கப்பலே போய்விட்ட பிறகு அதைப் பற்றிக் கேட்டவனைப் பிடித்து வைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மனிடம் நான் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. எது போனாலும் போகட்டும் என்று சொல்லியிருந்தேன்.

என் கணவர் தாடியோடு வெளியே வந்தார். இளைத்திருந்தாலும் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியாம்மே, துணிய பாத்ததும் நம்பிட்டாங்க" என்றார். மூட்டைகளைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டார். இராயபுரம் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கப்பல் வந்ததும் முதல் வேலையாக இதைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். பாதி வழியில் மாமியார் நின்று, "நைனா, துணிய நம்மளயே வெச்சிக்க சொல்லிட்டாரு" என்றார். அவர் இன்னும் இரண்டு எட்டு நடந்தார். பிறகு நின்றுவிட்டார். அவர் எங்களைப் போல இல்லை, அந்த முகங்களைப் பார்த்தவர், தோளில் தட்டு வாங்கியவர்.

வீட்டுக்குப் போகவில்லை. அவர் நேராகக் கடற்கரைக்குத் திரும்பினார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. சாவென்றால் பிணம் போகிற பாதையில் வெளுத்த துணியை விரிப்பது வெளுப்புக்காரன் கடமை. மாத்து விரிப்பது என்போம். அந்த வெளுப்பைத் தாண்டித்தான் பிணம் போகும். இங்கே பிணம் இல்லை, பாதையும் இல்லை. மூவருமாக மூட்டைகளைப் பிரித்து, உலர்ந்த மணலிலிருந்து தண்ணீர் வரைக்கும் கால்சட்டைகளையும் சட்டைகளையும் ஒன்றை அடுத்து ஒன்றாக விரித்துக்கொண்டே போனோம். வெயிலில் கண் கூசியது. ஊரே காலியாகிக் கிடந்த அந்தக் கரையில் அந்த வெள்ளைக்கு எதிரே கடல் எல்லையில்லாமல் நின்றது.

கரையில் வெள்ளையாக எதையும் விரிக்கக் கூடாது, எதிரி விமானத்துக்கு அடையாளமாகிவிடும் என்று உத்தரவு இருந்த சமயம் அது. எங்களுக்கு அது நினைவே இல்லை. காவல் போலீஸ்காரர் ஒருவர் தடியோடு ஓடி வந்தார்.

"இன்னா செய்றீங்க? இன்னா இது?"

"மாத்து விரிக்கிறோம்," என்றார் மாமியார்.

"மாத்தா? யாரு செத்தது?"

பதில் சொன்னால் ரகசியம் வெளியே வந்துவிடும். அப்போதுதான் வெளியே வந்தவரை மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்கள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். என் கணவர் கடைசிச் சட்டையின் ஓரத்தை அலை புரட்டாமல் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு தெர்லீங்க," என்றார். "வாடிக்கைக்காரங்க."

போலீஸ்காரர் விரித்திருந்த கால்சட்டைகளைப் பார்த்தார். அவற்றின் அகலத்தைப் பார்த்தார், அந்தக் குறுக்கு மடிப்புகளைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அவரும் துறைமுகத்து ஊர்க்காரர்தான்.

"சீக்கிரம் முடிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். யாரும் வராமல் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். என் கணவர் சிறை போனபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.